மலை இடப்பக்கம் இருந்த படம்

1

இங்கே ஜெர்மனியில், வுப்பர்டால் என்கிற இந்த மழைக்கார ஊரில், திருவண்ணாமலையைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறார்கள். நம் ஊர்க்காரர்கள் இதைக் கொஞ்சம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எவால்ட் க்ரூட்னர் என்ற ஓவியர் இறந்து ஒரு வருடம் ஆனதையொட்டி, நகராட்சிக் கூடத்தில் அவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். எனக்கும் அழைப்பு உண்டு என்று அலுவலகத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். கூப்பிட்டவர் சும்மா விடவில்லை. "நீங்கள் இறந்தவருக்கு என்ன வேண்டும்? உறவினரா, உடன் வேலை செய்தவரா, தெரிந்தவரா?" என்று கேட்டார். மூன்றும் சரியாக வரவில்லை. "எங்கள் வீட்டில் குடியிருந்தார்" என்றேன். "அப்படியானால் வீட்டு உரிமையாளர்" என்று அவரே முடிவு செய்து எழுதிக்கொண்டார். வெளிநாட்டவர் அலுவலகத்தில் வருடா வருடம் வரிசையில் நின்று, இந்த நாட்டில் தங்கலாமா என்று முத்திரை வாங்கிக்கொண்டு வருகிறவள் நான். ஒரு ஜெர்மன்காரருக்கு நான் வீட்டு உரிமையாளர்! என் கணவரிடம் சொன்னபோது, வாடகை ஏதாவது பாக்கியா என்று கேட்டு இரண்டு நாள் கிண்டல் செய்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை போனோம். சுண்ணாம்பு வெள்ளைச் சுவர்கள், முணுமுணுவென்று பேசும் மனிதர்கள். கடைசிச் சுவரில் எங்கள் மலை. மலைக்கு முன்னால் சாலை, இரண்டு புளியமரம், மஞ்சள்பையைக் கையில் பிடித்தபடி வெறுங்காலோடு நடக்கும் ஒரு பெண். கீழே ஒரு சீட்டில், 'வழியில் ஒரு பெண். மரப்பலகையில் செதுக்கி அச்செடுத்தது' என்று போட்டிருந்தது. ஒரு பெண்ணாம். அவர் பெயர் காசியம்மாள், என்னைப் பெற்றவர்.

படங்களை விளக்கிக்கொண்டிருந்த அம்மாள் என் புடவையைப் பார்த்ததும் குரலை உயர்த்தினார். "இந்துக்கள் இந்த மலையைக் கடவுளாகவே நினைத்து, இப்படித்தான் சுற்றி வருகிறார்கள்" என்று கையை இடமிருந்து வலமாக வீசிக் காட்டினார். என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. "இல்லை, இப்படி யாரும் சுற்ற மாட்டார்கள். மலை எப்போதும் வலது கைப்பக்கம் இருக்க வேண்டும். படத்தில் பக்கம் மாறி, இடது கைப்பக்கம் இருக்கிறது" என்றேன். அந்த அம்மாள் பொறுமையாகச் சிரித்தார். க்ரூட்னர் நேரில் பார்த்து வரைந்தவர் என்று எனக்கு விளக்கினார். நானும் நேரில் பார்த்தவள்தான், பிறந்ததிலிருந்து.

வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை. அந்தப் படத்தால் என்னென்ன நடந்தது என்று அந்த அம்மாளுக்குச் சொல்லும் அளவுக்கு என் ஜெர்மன் மொழியும் போதாது, அவருக்கு நேரமும் இருக்காது. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

2

க்ரூட்னர் பெரிய பெயர் எடுத்தவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவரே எழுந்து வந்து திருத்துவார்.

அவருடைய அப்பா கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். மகன் லைப்சிக் போய் ஓவியமும் அச்சு எழுத்தும் படித்தான். படித்து முடிக்கும் நேரத்தில் நாஜிகள் ஆட்சிக்கு வந்துவிட்டார்கள். இவருக்குப் பிடித்த மாதிரி வரைந்த ஆசிரியரை வேலையை விட்டு விரட்டினார்கள். இவர் வயிற்றுப்பாட்டுக்குச் சோப்புப் பெட்டிக்கும் பீர் புட்டிக்கும் சீட்டு வரைந்தார். அப்புறம் போர், பட்டாளம், தோல்வி, சிறை முகாம். விடுதலையாகி வந்தபோது நாடு இரண்டாகி, சொந்த ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டிருந்தது. இந்த வுப்பர்டாலுக்கு வந்து, ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு ஓடுமே ஒரு ரயில், அது போகும் பாதைக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் பட்டறை போட்டார்.

பிள்ளைகள் புத்தகங்களுக்குப் படம் போட்டார். காலண்டர்கள் வரைந்தார். சுரங்கத் தொழிலாளிகளை மரப்பலகையில் செதுக்கி அச்செடுத்தார். அதில்தான் கொஞ்சம் பேர் கிடைத்தது. தைல வண்ணத்திலும் வரைந்தார், பெரும்பாலும் மழையில் நனைந்த ஓட்டுக் கூரைகள். அவர் கை நன்றாகத் தேறிய காலத்தில் உலகத்துக்கு வேறு ஆசை வந்துவிட்டது. மனிதன், வீடு, மரம் எதுவும் இல்லாத படங்களைத்தான் எல்லாரும் கேட்டார்கள். இவர் மனிதனை விடவில்லை, கூட்டம் இவரை விட்டுவிட்டது. "எனக்கு வருத்தம் இல்லை" என்று அடிக்கடி சொல்வார். அத்தனை தடவை சொன்னதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

மனைவி இறந்தார், குழந்தைகள் இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில், எங்கள் ஊர் ஆசிரமத்துக்கு வந்துபோன யாரோ ஒரு நண்பர் சொன்ன பேச்சைக் கேட்டு, ஒரு பெட்டி நிறைய உளிகளோடு திருவண்ணாமலையில் வந்து இறங்கினார். "நான் சாமியாரைப் பார்க்க வரவில்லை, மலையைப் பார்க்க வந்தேன்" என்பார். ஆசிரமத்துக்கு வந்த மற்ற வெள்ளைக்காரர்களுக்கு இவர் மேல் கொஞ்சம் கோபம்.

3

செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில் எங்கள் வீடு. கீழ்பென்னாத்தூர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வந்து, பின்பக்கம் நாலு அறை கட்டி வாடகைக்கு விட்டிருந்தார் என் அப்பா கோதண்டம். மூலை அறை க்ரூட்னருக்கு. மூன்று மாதம் என்று வந்தவர் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தார்.

வெளிநாட்டுக்காரர்கள் வேலூருக்குப் போய்ப் போலீஸ் ஆபீசில் பதிய வேண்டும். அப்பாதான் கூடப் போனார். தொழில் என்ன என்ற கேள்விக்கு அவர் 'ஆர்ட்டிஸ்ட்' என்றதும், எழுதிக்கொண்டிருந்த ஏட்டு எழுந்து நின்று கைகுலுக்கினாராம். "எந்தப் படத்துல சார் நடிச்சிருக்கீங்க?" என்று கேட்டாராம். அப்பா இந்தக் கதையைத் தெருவில் சொல்லாத வீடு இல்லை.

இரண்டு பேருக்கும் அப்படி ஒரு சிநேகம். அவருக்குத் தமிழ் வராது, அப்பாவுக்கு ஆங்கிலம் பத்துச் சொல் வரும். ஆனாலும் சாயங்காலமானால் கிணற்றடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விடுவார்கள். மழை, நாங்கள் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையின் விலை, இரண்டு அரசாங்கங்களின் அயோக்கியத்தனம் என்று எல்லாம் பேசுவார்கள். நான் நர்ஸ் படிப்பு முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த நேரம் அது. ஒரே ஒரு தடவை தவிர, என்னைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னதே இல்லை. கூப்பிட்டால் பேச்சு கெட்டுவிடும் என்று நினைத்தார்கள் போல.

அப்போதெல்லாம் கிரிவலத்துக்கு இன்றைக்கு மாதிரி கூட்டம் கிடையாது. அம்மா பௌர்ணமி பார்க்க மாட்டார். தோன்றினால் விடியற்காலையில் கிளம்பி, மஞ்சள்பையில் ஒரு துண்டும் விபூதிப் பொட்டலமும் எடுத்துக்கொண்டு நடப்பார். க்ரூட்னர் ஒரு மாம்பலகையைச் சுமந்துகொண்டு முன்னாலேயே போய்ச் சாலையோரம் உட்கார்ந்திருப்பார். காகிதத்தில் வரைந்து பிறகு பலகைக்கு மாற்றுகிற பழக்கம் அவரிடம் இல்லை. கண்ணால் பார்த்ததை நேராகப் பலகையிலேயே வரைவார், அதையே செதுக்குவார். அம்மா ஒவ்வொரு தடவையும் அவரைக் கடக்கும்போது கொஞ்சம் மெதுவாக நடப்பார். அது தனக்குத் தெரியாது என்று கடைசிவரை சாதித்தார்.

செதுக்கி முடித்ததும் எங்கள் வீட்டுப் பின்கட்டிலேயே அச்செடுத்தார். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்திலிருந்து கறுப்பு மை. மையை உருட்டி, மேலே மெல்லிய காகிதம் போட்டு, அம்மாவின் கொட்டாங்கச்சி அகப்பையைக் கவிழ்த்து அதன் முதுகால் அழுத்தித் தேய்த்தார். துணி காயப்போடும் கொடியில் எங்கள் மலை வரிசையாகத் தொங்கியது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

4

இனிமேல் சொல்வது நல்ல பகுதி இல்லை. அந்தச் சமயம் அம்மாவுக்கு வயிற்றில் ஒரு கட்டி என்று சொல்லியிருந்தார்கள். வேலூரில் ஆபரேஷன், அடுத்த வாரம் போய்ச் சேர வேண்டும். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கட்டி என்ற சொல்லையே வெல்லக்கட்டிக்குக்கூடச் சொல்லாமல் இருந்தோம். க்ரூட்னருக்கு இது தெரியாது.

அவர் நல்லதாக ஒரு பிரதியைத் தேர்ந்தெடுத்து, தச்சரிடம் சட்டம் போட்டு, சாயங்காலம் கொண்டுவந்து அப்பாவின் கையில் கொடுத்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. பலகையில் நேராக வரைந்தால் காகிதத்தில் திரும்பித்தானே விழும். அம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா மல்லிகா இது, மாராப்பு வலது தோள்ல கெடக்குது! சேட்டு வூட்டம்மா மாதிரி ஆக்கிட்டாரு என்னை."

அப்பா சிரிக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்ல, "சார், படம் வேணாம். அந்தப் பலகையக் குடுத்துட்டுப் போங்க, போதும்" என்றார். நான்தான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த ஒரு தடவைதான் அவர்கள் என்னைக் கேட்டது.

பலகையில் அம்மா சரியான பக்கம் நடக்கிறார், மலை வலது கைப்பக்கம் இருக்கிறது. அப்பா கேட்டதில் அவருக்கு ஒரு நியாயம் இருந்தது. ஆனால் அச்சுக்காரனிடம் போய், உன் படம் வேண்டாம், பலகையைக் கொடு என்பது, சாப்பிட உட்கார்ந்தவன் தோசை வேண்டாம், தோசைக்கல்லைக் கொடு என்று கேட்பது மாதிரி. க்ரூட்னரின் காது சிவந்து போனது. "என் வேலை அவருக்குப் பிடிக்கவில்லை" என்று என்னிடம் சொன்னார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அப்பா சொல்லியிருக்க மாட்டார். மறுநாள் மதியம் மெட்ராஸ் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். சட்டம் போட்ட படம் மட்டும் அவர் கட்டிலில் கிடந்தது.

அப்பா அதை ஒரு புதுத் துண்டில் சுற்றிப் பரண்மேல் வைத்தார். நான் சண்டைக்குப் போனேன்.

"ஏம்ப்பா இப்படிப் பண்ணீங்க? ஆசையாக் குடுத்தாரு இல்ல?"

"கொள்ளிக்கொடம் தூக்கிகினு சுத்தற சுத்துமா அது" என்றார் அப்பா. "அடுத்த வாரம் ஒங்கம்மாவ வேலூருக்குக் கூட்டிகினு போவணும். அவளே அந்தப் பக்கமா நடக்கறத நான் எப்பிடி செவுத்துல மாட்டறது?"

"அத அவருகிட்டச் சொல்லியிருக்கலாமே."

"வாயால சொல்லிட்டா நடந்துடுமோன்னு பயமா இருக்குது, மல்லிகா."

அப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அம்மா பிழைத்து வந்தார்; இன்றைக்கும் என்னைவிட வேகமாக நடக்கிறார். ஆனால் கிணற்றடியில் அந்த இரண்டாவது நாற்காலியை யாருக்கும் போடவிடவில்லை அப்பா.

5

சண்டைக்கு முன்னாலேயே க்ரூட்னர் தன் ஊர் மருத்துவமனையில் நர்சுகள் தேவைப்படுவதாகச் சொல்லி, என் பெயரையும் அங்கே சொல்லி வைத்திருந்தார். பல வருடம் இழுத்து, எழுபதுகளின் கடைசியில்தான் அந்த வேலை கிடைத்தது. அப்பா போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. விமான நிலையத்தில் மட்டும், "அவரப் பாத்தா, நல்லா இருக்காரான்னு கேட்டுக்க" என்றார்.

வந்த புதிதில் நான் பட்ட பாடு உங்களுக்கே தெரியும், வெளிநாடு போனவர்கள் எல்லாரும் எழுதுவதுதான். வேலை முடிந்து கிளம்பும்போது ஒரு கிழவியிடம், நம் வழக்கப்படி "போயிட்டு வரேன்" என்று ஜெர்மன் மொழியில் சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் நான் வருவேன் என்று இரவுச் சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். மறுநாள் தலைமை நர்ஸ் என்னை நிறுத்திவைத்துக் கேட்டார். வெறுமனே போகிறேன் என்று சொல்லப் பழக எனக்கு ரொம்ப நாள் ஆனது.

க்ரூட்னரைத் தேடிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவர் சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை. "உன் அப்பா இன்னும் பலகைதான் கேட்கிறாரா?" என்றார். இத்தனை வருடமாக அந்த ஒரு வாக்கியத்தையே மென்றுகொண்டிருந்திருக்கிறார்.

விளக்கிச் சொல்ல எனக்கு மொழி இல்லை. மேசையில் இருந்த காப்பிக் கூஜாவை நடுவில் வைத்தேன். "மலை" என்றேன். இரண்டு விரலை நடக்கவிட்டு, கூஜா வலப்பக்கம் இருக்கும்படி சுற்றி, "உயிரோடு இருப்பவர்கள்" என்றேன். மறுபடி எதிர்ப்பக்கமாகச் சுற்றி, "செத்தவர்களுக்காக" என்றேன். பிறகு அம்மாவின் கட்டி, வேலூர், ஆபரேஷன் எல்லாவற்றையும் ஆங்கிலமும் கையுமாகச் சொல்லி முடித்தேன். அவர் கூஜாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா?" என்றார். "நன்றாக இருக்கிறார்" என்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

உள்ளே போய் அந்த மாம்பலகையை எடுத்து வந்தார். மலை உச்சியிலிருந்து அம்மாவின் பாதம் வரை குறுக்கே ஒரு ஆழமான வெட்டு. வேண்டிய பிரதிகளை எடுத்து முடித்ததும், இனி யாரும் எடுக்க முடியாதபடி பலகையை உளியால் வெட்டிவிடுவது அவர்கள் தொழில் வழக்கமாம். எங்கள் வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று காலையே அதைச் செய்திருக்கிறார். "நான் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும்" என்று மட்டும் சொன்னார்.

"அதனால் என்ன, புதுசாக ஒன்று செய்யுங்களேன். இந்தத் தடவை பலகையில் திருப்பி வரைந்தால் காகிதத்தில் நேராக வந்துவிடும். அப்பா கட்டாயம் மாட்டுவார்" என்று நான் ரொம்பச் சுலபமாகச் சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறிவிட்டது.

அப்போதுதான் சொன்னார். போரில் அவரைத் துப்பாக்கி தூக்க விடவில்லை. எழுத்து அழகாக இருக்கிறது என்று பட்டாளத்தின் அச்சுப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். படை கைப்பற்றிய ஊர்களில் ஒட்டும் சுவரொட்டிகள்தான் வேலை. கல்லில் எழுதி அச்செடுக்க வேண்டும். கல்லில் எல்லா எழுத்தையும் வலமிடமாகத் திருப்பி எழுதினால்தான் காகிதத்தில் சரியாக விழும். சுட்டுக் கொல்லப்பட்டவர்களின் பெயர்களை அந்த ஊர்க்காரர்களுக்கு அறிவிக்கிற சுவரொட்டிகள் அவை. ஒவ்வொரு பெயரையும் இவர் திருப்பி எழுதியிருக்கிறார், சுழி பிசகாமல். போர் முடிந்தபிறகு கல்லைத் தொடவில்லை. எதையும் திருப்பி வரைவதும் இல்லை. "காகிதம் எப்படி வேண்டுமானாலும் திரும்பிக்கொள்ளட்டும். என் கை இனிமேல் திரும்பாது" என்றார்.

அவருடைய எல்லா அச்சுப் படங்களும் ஏன் இடவலம் மாறியிருக்கின்றன என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அதன்பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எந்த வாயோடு எடுப்பது?

6

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் போவதை நிறுத்தவில்லை. முதலில் தனியாக, பிறகு கணவரோடு, பிறகு எங்கள் மகள் நிலாவையும் தூக்கிக்கொண்டு. சாம்பார் என்றால் அவருக்கு உயிர். நிலா அவரை 'ஓப்பா' என்பாள். இங்கே தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். தன் சொந்தத் தாத்தாவோடு தொலைபேசியில் பேச அவளை அதட்ட வேண்டியிருந்தது. இந்தத் தாத்தாவிடம் வாய் ஓயாது. தமிழில் கேட்டால் ஜெர்மன் மொழியில் பதில் வரும். பள்ளிக்கூடத்தில் அவள் பெயரை 'நீலா' என்று கூப்பிடுகிறார்கள், அவளும் திருத்துவதில்லை. எனக்குத்தான் வயிறு எரியும்.

அவருக்கு வயது எழுபதைத் தாண்டி, கை நடுங்க ஆரம்பித்திருந்தது. ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது, "பரண்மேல் படம் பத்திரமாக இருக்கிறதா?" என்று கேட்பார். இருக்கிறது என்பேன். அவ்வளவுதான்.

போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலம், பள்ளி விடுமுறை நாள் ஒன்றின் காலை. நிலா பள்ளியில் எழுதப் படிக்கத் தொடங்கியிருந்தாள். அவர் பட்டறை ஜன்னல் கண்ணாடியில் மூச்சுப் பனி படிந்திருந்தது. இவள் நாற்காலி போட்டு ஏறி, விரலால் எதையோ கோணல்மாணலாக எழுதிக்கொண்டிருந்தாள். அவர் எட்டிப் பார்த்தார். காலை வணக்கம் என்று எழுதியிருக்கிறாள், எல்லா எழுத்தும் திரும்பி இருக்கிறது.

"தப்பாக எழுதியிருக்கிறாயே" என்றார்.

"தப்பு இல்லை ஓப்பா. தபால்கார அம்மா வெளியே இருந்து படிக்க வேண்டாமா?"

அந்த நேரம் கீழே தபால்காரம்மாள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துக் கையை ஆட்டிவிட்டுப் போனார். க்ரூட்னர் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றார். எழுத்தெல்லாம் நீராய் வழிந்து போகும்வரை நின்றார். எனக்குப் பயமாகிவிட்டது, பழைய ஞாபகம் எதையாவது கிளறிவிட்டாளோ என்று நினைத்தேன். அவர் திரும்பி நிலாவிடம், "இன்னும் என்னென்ன எழுத வரும்?" என்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு போனபோது மேசையில் புதுப் பலகை. பக்கத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி, அதற்கு எதிரே வெட்டு விழுந்த பழைய மாம்பலகை.   சாம்பாரைச் சூடு பண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

7

குளிர்காலம் முழுக்கச் செதுக்கினார். சில நாள் உளியைப் பிடிக்கவே முடியாது. சில நாள் பலகையில் ஒரு விரல் அகலம்தான் நகரும். அம்மாவின் பாதம் முடிந்தது, மஞ்சள்பை முடிந்தது, மாராப்பு தன் தோளுக்கு வந்து சேர்ந்தது. சாலையும் ஒரு புளியமரமும் முடிந்தன. மலையைத் தொடுவதற்குள் நெஞ்சு வலி வந்து நான் வேலை செய்யும் மருத்துவமனையிலேயே படுத்துவிட்டார்.

"இருக்கிற வரைக்கும் ஒன்று எடுத்துவிடு" என்றார். அவர் சொல்லச் சொல்ல, பக்கத்துக் கட்டில் நோயாளி வேடிக்கை பார்க்க, நானும் கணவரும் கட்டில் மேசையில் வைத்தே அச்செடுத்தோம். செதுக்காத இடம் அப்படியே மை பிடித்துக்கொள்ளும். அதனால் மலை முழுக்கக் கன்னங்கரேலென்று விழுந்தது. உச்சியும் இல்லை, பாறையும் இல்லை, ஒரே கறுப்பு. அதற்கு முன்னால் அம்மா நடக்கிறார், சரியான பக்கம். க்ரூட்னர் உதட்டைப் பிதுக்கினார். "முடியவில்லை. உன் அப்பாவுக்கு அனுப்பலாமா?" என்று என்னைக் கேட்டார். இத்தனை புத்தகங்களுக்குப் படம் போட்டவர், என்னைக் கேட்டார். அனுப்பினேன்.

அப்பாவுக்கு வீட்டில் தொலைபேசி கிடையாது. மருந்துக்கடையில் வந்து நிற்பார், நான் சொன்ன நேரத்துக்குக் கூப்பிடுவேன். இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டபோது எடுத்ததுமே கத்தினார். கடல் தாண்டிக் கேட்க வேண்டும் என்றால் கத்தித்தான் ஆக வேண்டும் என்பது அவர் நம்பிக்கை.

"வந்துடுச்சும்மா! தேரடித் தெருவுல சட்டம் போட்டு, மாட்டிட்டேன்! சார்கிட்ட சொல்லு, மாட்டிட்டேன்னு!"

"மலை முடியலன்னு வருத்தப்படறாருப்பா."

"இன்னா முடியல? மழ வர்ற நாள்ல நம்ம மல அப்பிடித்தான இருக்கும்? இருட்டிகினு! அவரு பாத்ததில்லியா? ஒங்கம்மா சொல்றா, கொட எடுக்காம கெளம்பிட்டேனாட்டம் இருக்குதுன்னு!"

வார்டுக்கு ஓடினேன். மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னேன். குடை விஷயத்தையும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, "எந்தச் சுவரில்?" என்றார்.

எனக்குத் தெரியாது. மறுபடி கூப்பிட்டு, மருந்துக்கடைப் பையன் ஓடிப்போய் அப்பாவை அழைத்து வந்து, கேட்டுச் சொன்னேன். "கூடத்தில், காலண்டருக்குப் பக்கத்தில்."

க்ரூட்னர் சத்தமாகச் சிரித்தார். வாழ்க்கை முழுவதும் காலண்டர் வரைந்த எனக்கு அதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும் என்றார். அந்தச் சிரிப்பைக் கேட்டு வேறு நர்ஸ் ஒருத்தி உள்ளே வந்து எங்களை அதட்டினாள். இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் போய்விட்டார். நான் வேலையில்தான் இருந்தேன். கண்ணை மூடிவிட்டது நான்தான்.

8

அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன்; அன்று அம்மாவும் மருந்துக்கடைக்கு வந்திருந்தார்.  அப்பா தாழ்ந்த குரலில் கேட்டார், கத்தவில்லை.

"அங்க கொடம் ஒடைக்க யாரு இருக்காங்க?"

"இங்க அதெல்லாம் கிடையாதுப்பா. பொதைப்பாங்க. அவருக்குப் புள்ளைங்களும் இல்ல."

"தெரியும்." என்றார் அப்பா. "அப்ப நீ சுத்திட்டு வந்துடு. மூணு சுத்து. எடப்பக்கமா."

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. "பொம்பளப் புள்ளயப் போயி..."

"சும்மா இருடீ. அவருக்கு வேற யாரு கீறாங்க?" என்றார் அப்பா. எங்கள் வீட்டுப் பெண்களைச் சுடுகாட்டு வழிப் பக்கம் திரும்பிப் பார்க்கவும் விடாதவர் அவர். அப்புறம் அம்மா வாங்கிப் பேசினார். "தலைக்குக் குளிச்சிட்டு வூட்டுக்குள்ள போ. கொழந்தையையும் குளிப்பாட்டு" என்றார். அவரும் அழுதுகொண்டிருந்தார்.

அடக்கம் அன்று தூறல். சரிவான கல்லறைத் தோட்டம். பத்துப் பன்னிரண்டு பேர் குடையோடு வந்திருந்தார்கள். பாதிரியார் பேசினார், ஒவ்வொருவராகப் போய் ஒரு சின்ன மண்வெட்டியால் மண் போட்டுவிட்டு, அருகில் நின்ற ஆளிடம் கைகுலுக்கிவிட்டு நகர்ந்தார்கள். என் முறை வந்தது. மண்ணைப் போட்டேன். நகராமல், குடையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றினேன். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்பா சொன்னதை நினைத்துக்கொண்டு காலை எடுத்து வைத்தேன், குழி என் இடப்பக்கம் இருக்கும்படி. ஈர மண்ணில் கால் புதைந்தது. ஒருவர் வழிவிட்டு நகர்ந்தார். பிறகு எல்லாருமே நகர்ந்து கொடுத்தார்கள்.

முதல் சுற்றுப் பாதியில் நிலா ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். அதற்கு முந்தின வருடம் ஊருக்குப் போனபோது அவளுடைய ஆயா, அதாவது என் அம்மா, அவளைக் கிரிவலம் அழைத்துப் போயிருந்தார். அவள் என் கையை எதிர்ப்பக்கமாக இழுத்தாள். பல மாதமாக நான் கெஞ்சியும் வராத தமிழ், அத்தனை ஜெர்மன்காரர்களுக்கும் நடுவில், உரக்க வந்தது.

"அம்மா, தப்பு! இந்தப் பக்கம் இல்ல. ஆயா அந்தப் பக்கம் சொன்னாங்க."

 குனிந்து அவள் தலையில் இருந்த மழைத்துளியைத் துடைத்தேன்.

"இல்லடா கண்ணு. ஓப்பாவுக்கு இன்னிக்கு இந்தப் பக்கம்தான்" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு, தன் பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, என்னோடு நடந்தாள். மீதிச் சுற்றுகளை இரண்டு பேருமாக முடித்தோம்.